தோப்பு வீட்டுக்கு இழுத்த லைன்

வீட்டுக்காரர் இருந்தார். அவருடைய சம்சாரம் இருந்தார். ஆசாரி இருந்தார். தூக்கிப் பிடிக்க மேஸ்திரியும் அவருடைய ஆட்களும் இருந்தார்கள். கம்ப்யூட்டர் கடை பாய் இருந்தார். நான் இருந்தேன். வரவேண்டியவர் ஒருவர் பாக்கி. வீட்டுக்காரரின் தங்கை. அவர் அமெரிக்காவில் இருந்தார். அவர் வரவேண்டியது நான் இழுத்த கம்பி வழியாக.

தொண்ணூறுகளின் கடைசி. தை மாதம், திங்கட்கிழமை. தொண்டாமுத்தூர் தாண்டி மலையோரம் ஒரு தென்னந்தோப்பு. அதற்கு நடுவில் பேஸ்மட்டம் வரை எழும்பிய வீடு. அன்றைக்கு நிலவு வைக்கிறார்கள். தலைவாசல் நிலையை எங்கள் பக்கம் நிலவு என்போம். காலை ஆறு மணியிலிருந்து ஏழரைக்குள் வைக்க வேண்டும். திங்கட்கிழமை ஏழரைக்கு ராகு காலம் பிறந்துவிடும்.

நான் விடிவதற்கு முன்பே வந்துவிட்டேன். மொபெட்டை ரோட்டோரக் கம்பத்தடியில் நிறுத்திவிட்டு, கம்பியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே தோப்புக்குள் நடந்தேன். கம்பத்திலிருந்து வீடு வரைக்கும் மரத்துக்கு மரம் கட்டி இழுத்திருந்தேன். முந்தின ராத்திரி யானை வந்திருந்தது. சாணி கிடந்தது. ஒரு இளந்தென்னையைச் சாய்த்துக் குருத்தைத் தின்றிருந்தது. அது சாய்ந்தது மறுபக்கம். கம்பிக்கு ஒன்றும் இல்லை. இருந்தும் திரும்பப் போய் ஒருமுறை முதலிலிருந்து பார்த்து வந்தேன்.

என் தொழில் கட்டிடம் கட்டுகிற இடத்தில் போன் வைத்துக் கொடுப்பது. ஆறாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. கேபிள் போடக் குழி வெட்டப் போனேன். அங்கிருந்து கேபிள் இணைக்கிற வேலை. அப்புறம் தனியாக. கருமத்தம்பட்டியில் தறி ஷெட், அவிநாசி ரோட்டில் மில், கணபதியில் பட்டறை என்று எங்கே செங்கல் இறங்குகிறதோ அங்கே கூப்பிடுவார்கள். போன் இருக்கிற இடம் சிமெண்ட் மூட்டை அடுக்கிய கொட்டாய்தான். சிமெண்ட் தூசி ரிசீவரின் ஓட்டையில் போய் இறுகிவிடும். பழைய பல் பிரஷ்ஷால் தட்டி எடுப்பேன். பெரிய கட்டிடமாக இருந்தால் மேல் தளத்துக்கும் கீழே கலவை மிஷினுக்கும் இன்டர்காம் வைப்பேன். அவர்கள் அதில் பேசுவார்கள். பேசி முடித்துவிட்டு, எட்டிப் பார்த்துக் கத்தவும் செய்வார்கள். கீழே இருப்பவர்களுக்கு இரண்டாவது கேட்டால்தான் நம்பிக்கை.

லைனைச் சோதிக்க நான் சொல்வது மூன்றே வார்த்தை. ஹலோ. கேக்குதுங்களா. சரிங்க. அதற்கு மேல் எனக்கு வராது. எதிரில் ஒருவர் பேசினால் கேட்பேன். கேட்கிறேன் என்று காட்டத் தெரியாது. என் சம்சாரம் அதற்காகவே என்னோடு பாதி நாள் சண்டை போடுவாள். சுவரோடு பேசினாலும் எதிரொலியாவது வரும் என்பாள்.

இன்னொன்றும் உண்டு. போனை வைத்து முடித்த பிறகு என்னால் அதன் பக்கத்தில் உட்கார முடியாது. மணி அடிக்குமா என்று எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்கும்போது கால் தானாக நடக்கும். கை கம்பியைத் தொட்டுப் பார்க்கும். ஒழுங்காக இருக்கிற ஜாயின்ட்டைப் பிரித்து மறுபடி முறுக்கும். அன்றைக்கு அது அதிகமாக இருந்தது.

வீட்டுக்காரருக்குக் கணபதியில் மோட்டார் பம்பு பட்டறை. அங்கே இன்டர்காம் வைத்தது நான்தான். அந்தப் பழக்கத்தில் தோப்புக்குக் கூட்டி வந்தார். வேலை என்ன என்று கேட்டேன். கம்ப்யூட்டர் வழியாகத் தங்கையோடு பேச வேண்டும், கொட்டாயில் லைன் வேண்டும் என்றார். ஐ.எஸ்.டி. போட்டுப் பேசலாமே என்று நினைத்தேன். கேட்கவில்லை.

காரணத்தை அவர் சம்சாரம் சொன்னார். நான் கொட்டாய்க்குள் ஒயர் அடித்துக்கொண்டிருந்தேன். டீ கொண்டு வந்தவர் சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி, காதில் விழுகிறதா என்று கேட்டார். விழுகிறது என்றேன்.

மாமனார் இறந்த சேதி போனதும் தங்கை அமெரிக்காவிலிருந்து புறப்பட்டுவிட்டார். இங்கே நேரம் பார்த்தார்கள். அந்த நேரத்தை விட்டால் அடுத்த நாள் ஆகாது என்றார்கள். தூக்கிவிட்டார்கள். தங்கை மறுநாள் வந்தார். வாசலில் நின்று, ஒரு நாள் காத்திருக்கக் கூடாதா என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன் பதில் சொல்லவில்லை. காரியம் முடிந்ததும் தங்கை போய்விட்டார். கொஞ்ச மாதம் கழித்து வீட்டுக்காரர் பூத்தில் போய் ஐ.எஸ்.டி. போட்டிருக்கிறார். தங்கை அதையே திரும்பக் கேட்டிருக்கிறார். இவர் மீட்டரில் சிவப்பு நம்பர் ஓடுவதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அப்படியே வைத்துவிட்டார். அதோடு பேச்சு நின்றது.

அவர்கள் குடும்பத்தில் ஒரு முறை இருக்கிறது. நிலவின் தலையில் நவதானியம் வைத்த மஞ்சள் துணி முடிச்சை உடன்பிறந்தவள் கட்ட வேண்டும். வர முடியாவிட்டால் அவள் வாயால் கட்டச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அண்ணி கட்டலாம். சொல்லாமல் கட்டினால் அது பிறந்தவள் இல்லாத வீடு.

“நாந்தாங்க லெட்டர் போட்டேன்” என்றார் அவர். “அண்ணன் மீட்டரப் பாக்காம எங்கூடப் பேசட்டும், அப்பறம் சொல்றேன்னு எழுதியிருக்கறா. அவ ஊட்டுக்காரருக்குக் கம்ப்யூட்டர் வேலைங்க. இப்படிப் பேசலாம்னு அவருதான் சொல்லிக் குடுத்தாரு. இன்னைக்கும் இவரு ஊமையா நின்னாருன்னா, அவ இனி இந்த ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டாங்க.”

டீ ஆறிவிட்டது. குடித்தேன்.

கம்ப்யூட்டர் கொண்டு வந்தவர் பாய். கோட்டைமேட்டில் கடை. அவர் அப்பா காலத்தில் ரேடியோ ரிப்பேர் கடையாக இருந்தது. அதே அலமாரியில் இப்போது மவுஸும் ஃப்ளாப்பியும். இப்படி நெட்டில் பேசுவதை வெளியே சொல்லிக்கொண்டு திரியாதீர்கள் என்று பாய் சொன்னார். நெட் வழியாகப் போன் பேசுவதற்கு அப்போது அனுமதி இல்லையாம். நான் யாரிடம் சொல்லப் போகிறேன்.

ஒரு வாரம் சோதித்தோம். பாய் கடையில் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். நான் தோப்பில் கொட்டாயில். ஹெட்போனோடு மைக்கும் சேர்ந்த செட்டு. மோடம் கீச்சிட்டு, கரகரத்து, ஓய்ந்ததும் பாயின் குரல் வரும். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல இருக்கும், ஆனால் ஒரு சொல் விடாமல் வரும். பாய் நிறையப் பேசுவார். கடை வாடகை, மச்சான் செய்த வம்பு, முந்தின நாள் கல்யாணத்துப் பிரியாணியில் கறி வேகாதது. நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

“ஏனுங்க, உசுரோட இருக்கறீங்களா?” என்பார்.

“இருக்கறனுங்க.”

“சும்மா கேட்டேன். நீங்க பேசுங்க, நான் கேக்கறேன்னு சொல்லலாம்னு பாத்தா, அதுக்கு வழியில்ல போங்க.”

லைன் ஒருமுறைகூட அறுபடவில்லை. அதனால்தான் வீட்டுக்காரரிடம் தைரியமாகச் சொன்னேன். நன்றாக இருக்கிறது என்று.

அன்று காலை நிலவைக் கழுவி மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, சாரத்துக்குப் பக்கத்தில் படுக்க வைத்திருந்தார்கள். தேக்கு. ஆசாரி பேரூர்க்காரர். காதில் பென்சில் செருகியிருந்தார். அவருக்கு ஒரு பழக்கம். நிலவை நிறுத்தியதும் அதன் முதுகில், சுவர் அணையப்போகிற பக்கத்தில், நின்ற நேரத்தைப் பென்சிலால் எழுதுவார். மேஸ்திரி கலவை வைத்துக் கட்டினால் எழுத்து மறைந்துவிடும். யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை. எழுதாமல் அவர் கீழே இறங்க மாட்டாராம்.

ஆறேகாலுக்கு பாய் நெட் நம்பரைப் போட்டார். எங்கேஜ்டு. மறுபடி. எங்கேஜ்டு. கொட்டாய்க்குள் எல்லோரும் மோடத்தையே பார்த்தார்கள். நான் வெளியே போனேன், வந்தேன், போனேன். ஆறே முக்கால் இருக்கும், கிடைத்துவிட்டது. பாய் ஹலோ சொன்னார். முகம் மலர்ந்தது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. இது போன் மாதிரி இல்லீங்க. ஒரு நேரத்துல ஒரு பக்கம்தான் போகும். அவங்க பேசறப்ப நீங்க பேசக் கூடாது. பேசுனா அவங்க சத்தம் நின்னுபோகும். முடிச்சாங்கன்னு தெரிஞ்சப்பறம் பேசுங்க.”

“நான் எங்கீங்க பேசப் போறேன்” என்றார் வீட்டுக்காரர். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, ஹெட்போனை மாட்டினார். மாட்டத் தெரியாமல் ஒரு காது மடங்கிக்கொண்டது. அவர் சம்சாரம் சரிசெய்தார்.

அவர் அம்மணி என்றார். பிறகு கேட்டார். நெற்றி சுருங்கியது. தலையை ஆட்டினார்.

“வருது, வருது, பாதியில போயிருது” என்றார். “அய்யன்னு சொல்றா, அதுக்கப்பறம் ஒண்ணையும் காணம்.” அப்பாவை எங்கள் பக்கம் அய்யன் என்போம்.

பாய் எங்களைப் பார்த்தார். கரண்டாக இருக்கும் என்றார். கட்டிட வேலைக்கு வாங்கிய தற்காலிக சர்வீஸ், மோட்டார் ஓடினால் பல்பு மங்கும். மேஸ்திரி ஓடிப்போய்த் தண்ணீர் மோட்டாரை நிறுத்தினார். மாற்றமில்லை. ஃபேனை நிறுத்தினார்கள். மாற்றமில்லை. அப்படியென்றால் கம்பி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் ஓடவில்லை. வேகமாக நடந்தேன். மரம் மரமாகப் போனேன். மலைக்காற்று இறங்கியிருந்தது. மட்டைகள் ஆடின. ஆடுகிற மரத்தில் கட்டிய கம்பி ஜாயின்ட்டில் இளகும். ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் கையை வைத்துப் பார்த்தேன். இறுக்கமாக இருந்தது. கம்பத்தில் ஏறிப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். எறும்பு இருந்தது, தட்டிவிட்டேன். அதனால் இருக்காது என்று தெரியும். தட்டிவிட்டேன். திரும்பி வரும்போது மறுபடி ஒவ்வொரு ஜாயின்ட். வழியில் ஒரு குலை தேங்காய் விழுந்து கிடந்தது. கம்பிமேல் விழுந்திருந்தால் என்று அதை வேறு நின்று பார்த்தேன்.

கொட்டாய்க்கு வந்தபோது ஏழு தாண்டியிருந்தது. வீட்டுக்காரர் அப்படியே உட்கார்ந்திருந்தார். முகம் வேர்த்திருந்தது. ஆசாரி வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். நேரம் போகிறது என்று யாரிடமும் இல்லாமல் சொன்னார்.

கம்பி நல்லாத்தான் இருக்குது என்றேன். அப்ப நீங்களே உட்காந்து பாருங்க என்றார் பாய், கொஞ்சம் கோபமாக. வீட்டுக்காரர் எழுந்தார். நான் மாட்டினேன்.

ஹலோ என்றேன். கேக்குதுங்களா என்றேன்.

சட்டென்று வந்தது குரல். அடைத்த மூக்கோடு பேசுகிற பெண் குரல். யார் பேசுகிறது என்று கேட்டார். லைன் போட வந்தவன் என்றேன். அப்புறம் அவர் பேசினார். ஒரு சொல் அறுபடவில்லை.

“ஏனுங்க, எங்கண்ணன் பக்கத்துல இருக்காருங்களா? நான் என்ன கேட்டாலும் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறாருங்க. அய்யனப் பத்திக் கேட்டேன். சத்தமே இல்ல. ஊடு எத்தன ரூமுன்னு கேட்டேன். அதுக்கும் இல்ல. அன்னைக்கு மாதிரியேதான் இருக்காரு. எனக்கு இதெல்லாம் வேண்டாமுங்க. நெலவ நேரத்துக்கு வெச்சுக்கச் சொல்லிப்போடுங்க, நான் போன வெக்கறேன்.”

இருங்க என்றேன்.

ஹெட்போனைக் கழற்றி வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். இப்ப நல்லா வருது என்றேன். அவர் அவசரமாக மாட்டினார். நான் இந்த முறை வெளியே போகவில்லை. ஏன் போகவில்லை என்று சொல்லத் தெரியாது. அவர் தோளுக்குப் பின்னால் நின்றேன்.

அவர் பேசவில்லை. உண்மைதான். வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவர் தங்கை ஏதோ சொல்லத் தொடங்கியதும் ம் என்றார். அடுத்ததற்கு ம். தொண்டைக்குள்ளிருந்து, மெதுவாக, மரியாதையாக. ம். ம்ம். கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு இருந்தது. நம் பக்கம் சத்தம் போனால் அது எழும். அவர் ம் கொட்டும்போதெல்லாம் அது எழுந்து அடங்கியது. எழும்போதெல்லாம் அவர் நெற்றி சுருங்கியது.

“போயிருச்சு பாருங்க” என்றார். “எடுத்த எடுப்புல போயிருச்சு.”

“நீங்க பேசறீங்க” என்றேன்.

“நான் வாயவே தொறக்கலீங்களே.”

“ம் கொட்டறீங்க.”

கொட்டாய்க்குள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாய் திரையைப் பார்த்தார், வீட்டுக்காரரைப் பார்த்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார். அவர்கள் யாரும் ம் கொட்டுவதைப் பேச்சு என்று நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை. எதிரில் ஒருவர் பேசும்போது ம் கொட்டாமல் இருப்பதுதான் எங்கள் பக்கம் மரியாதைக் குறைவு. ஒரு வாரம் லைன் அறுபடாமல் இருந்ததற்குக் காரணம் நான் போட்ட ஜாயின்ட் இல்லை. நான் ம் கொட்டாத ஆள்.

“அதாங்க எனக்கு இந்த ஆளுகூடப் பேசறப்ப வருத்தமே” என்றார் பாய். “இப்பப் பாருங்க, அதுவே நல்லதாப் போச்சு.”

வீட்டுக்காரருக்கு விளக்கிச் சொல்வதற்குள் தங்கை வைத்துவிடுவார் என்று எனக்குப் பயம். ஹெட்போனைக் கேட்டு வாங்கினேன். வாங்கிய பிறகுதான், நான் பேச வேண்டும் என்பது உறைத்தது. முகம் தெரியாத பெண்ணிடம், அவர் அண்ணனைப் பற்றி.

“அம்மணி, வெச்சுப்போடாதீங்க” என்றேன். “உங்கண்ணன் சும்மா இருக்கலீங்க. நீங்க சொல்றதுக்கெல்லாம் ம் கொட்டீட்டுத்தான் இருந்தாரு. நீங்க பேசறப்ப அது உங்களுக்கு வராதுங்க. அதனால உங்க பேச்சு அவருக்கு அந்து அந்து போச்சுங்க.”

அந்தப் பக்கம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று மோடத்தைப் பார்த்தேன். விளக்கு எரிந்தது.

“ம் கொட்டுனாருங்களா?” என்றார்.

“ஆமாங்க.”

“எல்லாத்துக்குமா?”

“நான் பாத்த வரைக்கும் எல்லாத்துக்குமுங்க.”

மைக்கை வாய்க்கு அருகே இழுத்துக்கொண்டேன்.

“இனி கொட்ட மாட்டாருங்க” என்றேன். “பேசாமக் கேட்டுட்டு இருப்பாரு. நீங்க முடிச்சீங்கன்னா முடிச்சேன்னு சொல்லுங்க. அப்பறம் அவரு பேசுவாரு. அவரு பேசறப்ப நீங்களும் கொட்டக் கூடாதுங்க.”

சரிங்க என்றார். என் வாழ்நாளில் போனில் நான் அவ்வளவு பேசியது அதுதான் முதல்.

வீட்டுக்காரர் மாட்டிக்கொண்டார். மடியில் இருந்த துண்டை எடுத்துச் சுருட்டி வாய்மேல் வைத்து அழுத்திக்கொண்டார். மைக்கை விட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். அப்படியும் தலை மட்டும் ஆடியது. ஒவ்வொரு ம்முக்கும் ஒரு ஆட்டம். தங்கை என்ன பேசினார் என்று எங்களுக்குக் கேட்காது. பச்சைக் கோடு படுத்தே கிடந்தது.

நேரம் போனது. ஏழு இருபது. சாரத்தடியில் ஆட்கள் தூக்குவதற்குத் தயாராக நின்றார்கள். சம்சாரம் மஞ்சள் முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் கொட்டாய்க்கும் நடந்தார். என்னால் நிற்க முடியவில்லை. வெளியே போகவும் முடியவில்லை. ஒயர் அடித்த ஆணியை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு கொட்டாயைச் சுற்றினேன். அந்த மோடம் இன்னும் கொஞ்ச நேரம் தாங்க வேண்டும். யாரும் அந்த நம்பருக்கு வெளியிலிருந்து போன் போடக் கூடாது. மின்சாரம் போகக் கூடாது. காற்று நிற்க வேண்டும். இதில் எதுவும் என் கையில் இல்லை.

ஏழு இருபத்தைந்துக்கு ஆசாரி உள்ளேயே வந்துவிட்டார். வீட்டுக்காரர் காதில் ஹெட்போன். ஆசாரி அவர் கண்ணுக்கு முன்னால் கடிகாரத்தைக் காட்டினார். வீட்டுக்காரர் கையை உயர்த்தி, இருங்கள் என்பதுபோலக் காட்டினார். ஆசாரி போனார். ஏழரைக்கு மறுபடி வந்தார்.

“ஏனுங்க, ராகு காலம் பொறந்துபோச்சுங்க” என்றார். “இத்தன வருசத்துல நான் ராகு காலத்துல நெலவு நிறுத்துனதில்லீங்க. ஊருக்குள்ள தெரிஞ்சா என்னை எவனும் வேலைக்குக் கூப்பிட மாட்டானுங்க. இப்பவே ரெண்டு நிமிசத்துல தூக்கிப்போடலாம், நேரத்துலயே தொட்டாச்சுன்னு கணக்கு வெச்சுக்கலாம். வாங்க.”

வீட்டுக்காரர் ஒரு பக்கத்துக் காதை மட்டும் விலக்கினார். மைக்கைக் கையால் மூடினார்.

“எங்கய்யன நேரம் பாத்துத்தான் தூக்குனேன்” என்றார். “அன்னைக்கு அவளுக்குக் காக்கல. இன்னைக்கு ராகுவே வந்து நின்னாலும் அவ சொல்லித்தான் தூக்கணும். இருக்கறதுக்கு இஷ்டமில்லீன்னா நீங்க கெளம்புங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.”

ஆசாரி கிளம்பவில்லை. வெளியே போய் நிலவுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். மேஸ்திரி ஆட்களைப் பீடி பிடிக்கச் சொன்னார். யாரும் பற்றவைக்கவில்லை.

பிறகு வீட்டுக்காரர் வாயிலிருந்து துண்டை எடுத்தார். அவர் பேசும் முறை வந்துவிட்டது. பாய் என்னைத் தோளில் தொட்டு வெளியே கூட்டிப் போனார். வீட்டுக்காரரின் சம்சாரமும் வந்துவிட்டார். அண்ணன் என்ன பேசினார் என்று தெரியாது. அதிகம் பேசியிருக்க முடியாது, அவரும் அப்படிப்பட்ட ஆள்தான். மோட்டார் ஓடாத தோப்பு அமைதியாக இருந்தது. மட்டை உரசுகிற சத்தம் மட்டும்.

இப்போதெல்லாம் சைட்டுக்குச் சைட்டு எல்லார் கையிலும் போன் இருக்கிறது. முகம் பார்த்துப் பேசுகிறார்கள். ம் கொட்டினாலும் அறுபடுவதில்லை. நானும் நெட் வழிப் போன் எத்தனையோ கட்டிடத்தில் வைத்துக் கொடுத்துவிட்டேன். பெட்டியை மாட்டுவது, ஒயரைச் செருகுவது, முடிந்தது. சோதிக்கும்போது மட்டும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஹலோ சொன்ன பிறகு, எதிரில் இருப்பவரைப் பேசச் சொல்லி, நடுநடுவே ம் கொட்டிப் பார்ப்பேன். அதைக் கேட்டுவிட்டு என் சம்சாரம், வீட்டில் மட்டும் எதற்கு அந்தக் கஞ்சத்தனம் என்றாள்.

அன்றைக்கு, கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரர் உள்ளிருந்து பாயைக் கூப்பிட்டார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி செய்ய முடியுமா என்று கேட்டார். பாய் ஹெட்போன் பின்னைப் பிடுங்கி, ஸ்பீக்கர் ஒயரைச் செருகினார். ஸ்பீக்கரை என்னிடம் கொடுத்தார். ஒயர் போகிற வரைக்கும் இழுத்து, கொட்டாய் வாசலில் வெளிப்பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாய் எல்லோரையும் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். கூலி ஆட்கள் பீடியை இடுப்பில் செருகிக்கொண்டு நேராக நின்றார்கள்.

“ஏனுங்ணா” என்றது ஸ்பீக்கர். “அங்க மணி என்னங்ணா? நேரம் இருக்குதுங்களா? முடிச்சேன்.”

முடித்தேன் என்று அவர் சொன்னதற்கு வீட்டுக்கார அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சத்தம் வரவில்லை.

“இருக்குது அம்மணி” என்றார் வீட்டுக்காரர். “நேரம் இன்னும் இருக்குது. முடிச்சேன்.”

ஆசாரி தலையைக் குனிந்துகொண்டார்.

நான் ஸ்பீக்கரை இறுகப் பிடித்தேன், பிடியில் ஏதோ இருக்கிறதுபோல.

“இங்க ராத்திரி ஒம்பதே காலுக்கு மேல ஆச்சுங்ணா” என்றது குரல். “எனக்குக் கணக்குத் தெரியும்.”

அங்கே ஒன்பதே கால் என்றால் இங்கே ஏழே முக்கால்.

“அண்ணியக் கட்டச் சொல்லுங்க” என்றது. “நல்லா இறுக்கிக் கட்டச் சொல்லுங்க. முடிச்சேன்.”

மேஸ்திரி கைகாட்டினார். ஆட்கள் குனிந்து தூக்கினார்கள். தேக்கு மெதுவாக எழுந்தது. தூக்கும்போது போடுகிற சத்தத்தை அன்றைக்கு அவர்கள் போடவில்லை. சம்சாரம் பலகைமேல் ஏறி முடிச்சைக் கட்டினார். பால் ஊற்றினார். மேஸ்திரி தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்துத் தலையாட்டினார். ஸ்பீக்கரில் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் கொட்டாய்க்குள்ளேயே மைக் முன்னால் உட்கார்ந்திருந்தார். துண்டு மறுபடி வாய்மேல்.

ஆசாரி பின்பக்கமாக ஏணியில் ஏறினார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார். எழுதவில்லை. நிலவின் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கொட்டாய் பக்கம் திரும்பிக் கேட்டார்.

“ஏனுங்க, ஏழு இருபதுன்னு போட்டுக்கட்டுங்களா?”

வீட்டுக்காரர் துண்டை எடுத்தார். மைக்கை மூடவில்லை. தங்கைக்கும் கேட்டிருக்கும்.

“மணி என்னவோ அதப் போடுங்க.”

ஆசாரி கடிகாரத்தைப் பார்த்து எழுதினார்.

ஏழு ஐம்பத்து மூன்று.